சிம்ப்சன்ஸ் முதல் ரெண்டு சீசனைத் தாண்டிப் போறவங்களுக்கு

ஜூன் 3, கேள்வி

சிம்ப்சன்ஸ்ங்கிற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரை முதல்ல இருந்து பார்த்துரலாம்னு உட்கார்ந்தேன், சீசன் 1ல ரெண்டு எபிசோடுக்கு மேல தாண்ட முடியல. படம் கோணல்மாணலா இருக்கு, அப்பா ஹோமருக்கு வேற யாரோ குரல் குடுத்த மாதிரி இருக்கு, சிரிப்பும் பெருசா வரல. நேரா 3 இல்ல 4ல இருந்து ஆரம்பிங்கன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அப்படிப் பார்த்தா எதாவது மிஸ் ஆகுமா? முதல் ரெண்டு சீசன் சும்மா ட்ரையல் தானே?

ஜூன் 3, ராத்திரி

மிஸ் ஆகும். நிறையவே மிஸ் ஆகும்.

ட்ரையல்னு சொல்றதை என்னால ஒத்துக்கவே முடியாது. 1989 டிசம்பர் 17 அன்னைக்கு வந்த அந்த முதல் எபிசோடை எடுத்துக்கோங்க, கிறிஸ்துமஸ் எபிசோட். அம்மா மார்ஜ் வருஷம் பூரா ஜாடில போட்டுச் சேர்த்து வச்ச பணம் மூத்த பையன் பார்ட் குத்திக்கிட்ட பச்சையை அழிக்கிறதுக்கே போயிடுது. சரி ஹோமரோட போனஸ் வரும்னு பார்த்தா முதலாளி பர்ன்ஸ் அதை நிறுத்திட்டாரு. வீட்டுல சொல்ல வாய் வரல அந்த மனுஷனுக்கு. கடைக்குப் போய் இருக்கிற காசுல கைக்குழந்தை மேகிக்குன்னு ஒரு பொம்மை வாங்குறான், அது நாய் கடிச்சு விளையாடுற பொம்மை. வெளிய வந்தா பக்கத்து வீட்டு ப்ளாண்டர்ஸ் மேல மோதி ரெண்டு பேர் பொட்டலமும் கீழ விழுது, அவர் பொட்டலம் ஒரு குவியல், இவனோடது கைக்குள்ள அடங்கிடும். அப்புறம் ராத்திரி வேலைக்குப் போய் மால்ல சாண்டா வேஷம் கட்டுறான், பிடித்தம் எல்லாம் போக கைக்கு வர்றது 13 டாலர்.

அந்த செக்கை அவன் பார்க்கிற இடத்துல பின்னாடி சிரிப்புச் சத்தம் கிடையாது. அந்தக் காலத்துல அமெரிக்க டிவியில குடும்ப காமெடின்னா ஆடியன்ஸ் சிரிக்கிற சத்தம் கூடவே வரும். இந்த ஷோல ஆரம்பத்துல இருந்தே அது இல்ல. அதனால ஒருத்தன் அடிபட்டு நிக்கிறப்ப நிஜமாவே அமைதியா இருக்கும். அந்த அமைதிக்குத்தான் நான் சீசன் 1 பார்க்கிறேன்.

ஜூன் 4, காலை

ஹோமர் குரல் பத்தி.

ரெண்டு சீசன்லயும் பேசினது ஒரே ஆள்தான், டான் காஸ்டலனெட்டா. 1987ல ட்ரேஸி உல்மன் ஷோல நடுநடுவுல வந்த குட்டிக் கார்ட்டூன்ல இருந்தே அவர்தான். ஆரம்பத்துல நடிகர் வால்டர் மேத்தோ மாதிரி பேசிப் பார்த்தாரு, அடித்தொண்டைல, இழுத்து, அலுத்துப்போன ஆள் மாதிரி. குட்டிக் கார்ட்டூன் ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம், அதுக்கு அந்தக் குரல் தாங்குச்சு. அரை மணி நேர எபிசோட் ஆனதும் மணிக்கணக்கா ரெக்கார்டிங், தொண்டை தாங்கல. அதைவிட முக்கியம், கத்துறது, அழுறது, பதறுறது எதுக்கும் அந்தக் குரல்ல வலு பத்தல. அதான் ரெண்டாவது சீசன்ல மெல்ல இப்ப நாம கேக்கிற குரலுக்கு ஏறிட்டாரு.

இதை எல்லாரும் சின்ன டெக்னிகல் மாற்றமா சொல்லிட்டுப் போயிடுறாங்க. எனக்கு ஷோவோட குணம் மாறின முதல் இடமே இதுதான்னு தோணுது. அடித்தொண்டைக் குரல்ல பேசுற ஆள் ஷிப்ட் முடிச்சு வீட்டுக்கு வர்ற அப்பா. அவனால பட்டுன்னு எதுக்கும் துள்ள முடியாது, ஒரு வசனத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல மூச்சு விடணும். குரல் மேல ஏறினதும் ஒரே வரியில சந்தோஷம், பயம், பசி மூணும் பேச முடியுது. ரைட்டர்களும் அந்த மாதிரி வரி எழுத ஆரம்பிச்சிடுறாங்க. எழுதி எழுதி ஹோமர் வேற ஆள் ஆயிடுறான். குரலுக்காக எழுத்து மாறுச்சா, எழுத்துக்காகக் குரல் மாறுச்சான்னு கேட்டா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்துட்டுப் போச்சுன்னுதான் சொல்வேன்.

இன்னொரு விஷயம். மதுக்கடைக்கார மோ கதாபாத்திரத்துக்கு முதல்ல பேசினது கிறிஸ்டோபர் காலின்ஸ்னு ஒருத்தர். அப்புறம் ஹேங்க் அசேரியா வந்து அதுமேல பேசி மாத்தினாரு. அப்ப இன்னும் எந்தக் குரலும் முழுசா உறைஞ்சு போகல.

ஜூன் 4, சாயங்காலம்

படம் கோணலா இருக்குன்னு சொன்னதுக்கு பதில். ஆமா, கோணல்தான், அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு.

முதல்ல தயாரிச்ச எபிசோட் கிறிஸ்துமஸ் இல்ல. பேபிசிட்டரா வர்ற திருடி கதை இருக்குல்ல, சீசன் 1 கடைசியா 1990 மே மாசம் வந்தது, அதான் முதல்ல தயாரானது. வரைஞ்சு முடிச்சு வந்ததைப் போட்டுப் பார்த்தப்போ தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். ப்ரூக்ஸ் கொதிச்சுப் போயிட்டாரு. கதவு மூடினா ரப்பர் மாதிரி நெளியுது, சுவரு ஆடுது, பழைய துரத்தல் கார்ட்டூன் மாதிரி எல்லாம் இழுபடுது. அவங்க கேட்டது அதுக்கு நேர் எதிர். ஆளுங்க மட்டும்தான் கார்ட்டூன், வீடு நிஜ வீடா இருக்கணும், மேல இருந்து விழுந்தா வலிக்கணும். அதோட முக்கால்வாசிய திரும்ப வரைஞ்சாங்க. ரெண்டாவதா வரவேண்டிய பார்ட் ஜீனியஸ் எபிசோடும் அப்படியே வந்திருந்தா ஷோவையே கைவிடுற பேச்சுகூட இருந்துச்சு. அது ஓரளவு நல்லா வந்ததால பிழைச்சுது. செப்டம்பர் வாக்குல வரவேண்டிய ஷோ டிசம்பருக்குத் தள்ளிப்போனது இதனாலதான்.

டிவிடில கமெண்டரியோட அந்த பேபிசிட்டர் எபிசோடைப் பாருங்க. ஒரே ஆள் ஒரு ஷாட்ல ஒரு மாதிரி, அடுத்த ஷாட்ல வேற மாதிரி இருப்பாங்க. பழசும் திரும்ப வரைஞ்சதும் பக்கத்துல பக்கத்துல ஒட்டியிருக்கு. எனக்கு அது அசிங்கமா தெரியல. டைரக்டர் டேவிட் சில்வர்மன் மாதிரி ஆளுங்க இந்த மனுஷங்க எப்படி நடக்கணும், எப்படி உட்காரணும்னு தேடிட்டு இருந்தது அதுல அப்படியே பதிஞ்சிருக்கு.

ஜூன் 6

"சீசன் 1 ஹோமர் முட்டாள் இல்ல, அப்புறம்தான் முட்டாளாக்கிட்டாங்க, அவ்ளோதான் மாற்றம்" அப்படின்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. அவ்ளோதான்னு முடிச்சிட முடியாது.

1990 ஜனவரில வந்த ஒரு எபிசோட், பர்ன்ஸ் வீட்டுத் தோட்டத்துல கம்பெனி பிக்னிக். இதைப் பார்த்தா இப்ப உள்ள ரசிகர்கள் ஆடிப்போயிடுவாங்க. மார்ஜ் பஞ்ச் குடிச்சு போதையில பாட்டுப் பாடுறா. பார்ட்டும் தங்கச்சி லிசாவும் சேர்ந்துக்கிட்டு அட்டகாசம் பண்றாங்க. நாலு பேர் முன்னாடி மானம் போகுதேன்னு கூனிக்குறுகி நிக்கிறது ஹோமர். மத்த குடும்பமெல்லாம் எப்படி இருக்குன்னு ராத்திரி தெருத்தெருவா பொண்டாட்டி பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிறான். அங்க ஒரு குடும்பம் ஒத்துமையா உட்கார்ந்து சாப்பிடுது. அப்புறம் டாக்டர் மார்வின் மன்ரோகிட்ட குடும்பச் சிகிச்சைக்குப் பணம் கட்ட டிவியைக் கொண்டு போய் அடகு வைக்கிறான். மத்த மூணு பேரும் வேணாம்னு கெஞ்சுறாங்க, இவன் கேக்கல. ஹோமர் டிவியை அடகு வைக்கிறான்! பின்னாடி வந்த சீசன்ல இதை யாராவது எழுத முடியுமா?

இந்த எபிசோடுக்கும் நாலு வருஷம் கழிச்சு உள்ள ஹோமருக்கும் வித்தியாசம் மூளை அளவுல இல்ல. இவனுக்கு வெட்கம் இருக்கு. ஊர் தன்னை எப்படிப் பார்க்குதுன்னு இவனுக்குத் தெரியும். பின்னாடி உள்ள ஹோமருக்கு அது போயிடுது. வெட்கம் போனதும் ஆள் பயங்கர சுதந்திரமா ஆயிடுறான், எந்த வேலைக்கும் போவான், எந்தப் பைத்தியக்காரத்தனமும் பண்ணுவான், அதுல இருந்துதான் அந்தப் பெரிய காமெடி எல்லாம் பொறக்குது. ஆனா வெட்கப்படுற அப்பாவை வச்சு எடுக்கக்கூடிய கதைங்க அதோட முடிஞ்சு போச்சு.

எங்க அப்பா மில்லுல வேலை பார்த்தாரு. தீபாவளி போனஸ் எவ்வளவுன்னு தெரியிற வரைக்கும் வீட்டுல யாரும் துணிக்கடைப் பேச்சே எடுக்க மாட்டோம். ஒரு வருஷம் போனஸ் கம்மி. அதை அவர் வாயால சொல்லவே இல்ல, அம்மாகிட்ட கவரைக் குடுத்துட்டு குளிக்கப் போயிட்டாரு. அதனாலதானோ என்னவோ, சீசன் 1 எனக்கு ஒரு அமெரிக்கக் கார்ட்டூனா தெரியவே இல்ல.

ஜூன் 7

சீசன் 2 ஆரம்பம் பத்தி ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. எனக்கு இதைப் பத்தி எழுதினா நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கோங்க.

1990ல அமெரிக்கா பூரா பார்ட் பைத்தியம் பிடிச்சு ஆடுச்சு. எந்தக் கடைக்குப் போனாலும் பார்ட் டி-ஷர்ட். அதுல ஒண்ணு, நான் படிப்புல மட்டம், அதுல எனக்குப் பெருமைதான்னு சொல்ற மாதிரி. சில ஸ்கூல்ல அதைப் போட்டுட்டு வரக்கூடாதுன்னு தடை போட்டாங்க. அதே நேரத்துல பாக்ஸ் சேனல் இந்த ஷோவை ஞாயித்துக்கிழமைல இருந்து எடுத்து வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, காஸ்பி ஷோவுக்கு நேரா கொண்டு போய் நிறுத்துச்சு. அன்னைக்கு காஸ்பி ஷோதான் மலை. டாக்டர் அப்பா, வக்கீல் அம்மா, பெரிய வீடு. இந்தப் பக்கம் அணு உலைல வேலை பார்க்கிற ஹோமர்.

அந்த முதல் வியாழக்கிழமை, அக்டோபர் 11, மொத்த நாடும் பார்ட் என்ன அட்டகாசம் பண்ணப்போறான்னு காத்துட்டு இருந்தப்போ இவங்க போட்ட எபிசோட் பார்ட் பெயிலாகிறது. நாலாங்கிளாஸ்ல திரும்ப உட்கார வைக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் பயந்துடுறான். ராத்திரி கட்டில் பக்கத்துல முட்டி போட்டு கடவுளே இன்னும் ஒரு நாள் குடுன்னு வேண்டுறான். மறுநாள் ஊரெல்லாம் பனி, ஸ்கூல் லீவு. ஜன்னலுக்கு வெளிய மொத்த ஊரும் பனியில ஆடிப்பாடிட்டு இருக்கு, இவனும் விளையாடக் கிளம்புறான், நீ கேட்டதைக் கடவுள் குடுத்திருக்காருன்னு லிசா ஞாபகப்படுத்துறா. உள்ள போய் உட்கார்ந்து தன்னைத் தானே கன்னத்துல அறைஞ்சு அறைஞ்சு படிக்கிறான்.

பரீட்சை எழுதுறான். 59 மார்க். ஒரு மார்க்குல பெயில்.

அப்பத்தான் அவன் அழுறான். பொய்யழுகை கிடையாது. டீச்சர் மிஸ்ஸஸ் க்ரபாப்பலுக்கே என்ன பண்றதுன்னு தெரியல. இந்தத் தடவை நான் நிஜமாவே முயற்சி பண்ணேன், என்னால முடிஞ்சதே இவ்வளவுதான்னு சொல்றான். அந்த வரி ஒரு பத்து வயசுப் பையன் வாயில இருந்து வர்றப்போ டி-ஷர்ட்ல இருக்கிறது எவ்வளவு பெரிய பொய்னு புரியும். அழுதுட்டே புலம்புறான், இப்பத்தான் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு எப்படி இருந்திருக்கும்னு தெரியுது, 1754ல நெசசிட்டி கோட்டையை பிரெஞ்சுக்காரன்கிட்ட ஒப்படைச்சப்போன்னு. டீச்சர் நிமிர்ந்து பார்க்கிறாங்க. யாருக்கும் தெரியாத அந்தத் தகவலை இவன் நிஜமா படிச்சு வச்சிருக்கான். ஒரு மார்க் கூட்டிப் போடுறாங்க. டி மைனஸ், ஜஸ்ட் பாஸ். ஹோமர் அந்தப் பேப்பரை ப்ரிட்ஜ்ல ஒட்டுறான்.

அன்னைக்கு மூணு கோடிப் பேருக்கு மேல பார்த்தாங்க. ஒரு கம்பெனி தன்னோட பொருள் பயங்கரமா வித்துட்டு இருக்கிற நேரத்துல, அந்தப் பொருள் சொல்ற பொய்யைத் தன் கதைலயே உடைச்சுக் காட்டுறது எவ்வளவு பெரிய விஷயம்! இந்த ஷோல அப்படி ஒரு சுதந்திரம் இருந்ததுக்கு ப்ரூக்ஸ்தான் காரணம், கதைல சேனல் தலையிடக் கூடாதுன்னு ஆரம்பத்துலயே ஒப்பந்தத்துல எழுதி வாங்கியிருந்தாரு.

ஜூன் 7, கொஞ்ச நேரம் கழிச்சு

கீழ ஒருத்தர், ஜனாதிபதி புஷ் சிம்ப்சன்ஸைக் குறை சொல்லிப் பேசினது 1990னு போட்டிருக்காரு. 1990ல பேசினது அவர் மனைவி பார்பரா புஷ், அந்தம்மா ஷோவைத் திட்டி, மார்ஜ் பேர்ல ஷோகாரங்க கடிதம் எழுதி, அதுக்கு அவங்க நல்லபடியா பதிலும் போட்டாங்க. ஜனாதிபதி புஷ் அமெரிக்கக் குடும்பங்க வால்டன்ஸ்ங்கிற பழைய டிவி தொடர்ல வர்ற குடும்பம் மாதிரி இருக்கணும், சிம்ப்சன்ஸ் மாதிரி இருக்கக் கூடாதுன்னு பேசினது 1992 ஜனவரி. மூணே நாள்ல ஒரு பழைய எபிசோட் மறுபடி போட்டப்போ முன்னாடி ஒரு துண்டு சேர்த்தாங்க: நாங்களும் வால்டன்ஸ் மாதிரிதான், பொருளாதார மந்தம் தீரணும்னு நாங்களும்தான் வேண்டிட்டு இருக்கோம்னு பார்ட் டிவியைப் பார்த்துச் சொல்லுவான். வால்டன்ஸ் கதை நடக்கிறது 1930கள் பஞ்ச காலத்துல. அடி சரியான இடத்துல விழுந்துச்சு.

ஜூன் 9

சரி, எப்ப மாறுச்சுன்னு திரும்பத் திரும்ப கேக்கிறீங்க.

ஒரே நாள்ல மாறல. ஆனா சீசன் 3, 4ல அல் ஜீன், மைக் ரீஸ்னு ரெண்டு ரைட்டருங்க ஷோவை நடத்துற பொறுப்பேத்த ரெண்டு வருஷம்தான் திருப்பம். அதுக்கு விதை சாம் சைமன் போட்டது, டாக்ஸி, சியர்ஸ்னு பெரிய ஷோல எழுதிட்டு வந்த மனுஷன், ரைட்டர்ஸ் ரூமைக் கட்டினதே அவர்தான். சீசன் 2லயே ஊர் நிறைய ஆரம்பிச்சிடுது: மேயர் க்விம்பி, டாக்டர் ஹிபர்ட், டாக்டர் நிக், வக்கீல் லயனல் ஹட்ஸ், காமிக்ஸ் கடைக்காரர், எல்லாம் அந்த வருஷத்துல வந்தவங்க. வீட்டுக்குள்ள நடந்த கதை ஊருக்குள்ள நடக்க ஆரம்பிக்குது.

அப்புறம் 1992 பிப்ரவரில பேஸ்பால் எபிசோட். நிஜமான ஒன்பது பெரிய ஆட்டக்காரங்களை பர்ன்ஸ் காசு குடுத்துக் கூட்டிட்டு வர்றாரு, ஆட்டத்துக்கு முன்னாடி அதுல எட்டு பேருக்கு ஒவ்வொருத்தரா விபரீதமா எதாவது ஆகுது. ஓஸி ஸ்மித் மர்மக் குழிக்குள்ள விழுந்து வேற பரிமாணத்துக்கே போயிடுறாரு! சீசன் 1ல கதவு ரப்பரா நெளிஞ்சதுக்கு முக்கால் எபிசோடைத் தூக்கிப் போட்டவங்க, ரெண்டே வருஷத்துல ஒரு மனுஷனைப் பரிமாணம் தாண்டி அனுப்புறாங்க. அன்னைக்கு ராத்திரி ரேட்டிங்ல காஸ்பி ஷோவையும் ஜெயிச்சாங்க. அடுத்த வருஷம் மோனோரயில் எபிசோட் வந்துடுது, கோனன் ஓ ப்ரையன் எழுதினது. அதுக்கு அப்புறம் அவங்க ஊரான ஸ்ப்ரிங்பீல்டுல எது வேணா நடக்கலாம்.

நான் ரொம்ப நாளா மனசுல வச்சிருக்கிற ஒரு ஒப்பீடு. சீசன் 1ல 13 டாலர். சீசன் 4ல ஹோமருக்கு நெஞ்சுவலி. ஆபரேஷனுக்கு 30,000 டாலர் ஆகும்னு ஹிபர்ட் சொல்றாரு, கேட்ட அதிர்ச்சில ஹோமருக்கு அங்கயே இன்னொரு அட்டாக் வருது, இப்ப 40,000 ஆகும்னு சொல்றாரு. கடைசில டாக்டர் நிக் டிவி விளம்பரத்துல வந்து எந்த ஆபரேஷனா இருந்தாலும் 129.95 டாலர்னு சொல்லி இவனை மேஜைல படுக்க வைக்கிறாரு. அதே குடும்பம், அதே காசில்லாத கஷ்டம். ஆனா 13 டாலர்ல நம்மளை நிக்க வச்சாங்க, 40,000ல நிக்க விடவே இல்ல, நாம அடியை உணர்றதுக்குள்ள அடுத்த ஜோக் வந்து விழுந்துடுது.

இதுதான் என் கட்சி. காசு போகல, குடும்பம் போகல, ஹோமரோட மூளையும் நீங்க நினைக்கிற அளவுக்குப் போகல. போனது அந்த ரெண்டு செகண்ட். அடிபட்டவன் முகத்துல கேமரா நின்ன அந்த ரெண்டு செகண்ட்.

ஜூன் 10

நேத்து எழுதினதைப் படிச்சிட்டு சீசன் 4 எனக்குப் பிடிக்காதோன்னு ரெண்டு பேர் நினைச்சிட்டாங்க. ஐயோ, இல்லவே இல்ல. யூனியன் எபிசோடை நான் எத்தனை தடவை போட்டாலும் முழுசா உட்கார்ந்து பார்ப்பேன். லிசாவுக்குப் பல்லுக்கு கம்பி கட்டணும், பல் வைத்தியத் திட்டத்தைக் கம்பெனி எடுத்துட்டு பதிலுக்கு பீர் பீப்பாய் குடுக்குது, ஹோமர் மண்டைக்குள்ள அந்த ரெண்டு வரியும் மாத்தி மாத்தி சுத்திட்டே இருக்கும், ரெண்டையும் சேர்த்துப் பார்க்க அவனுக்கு அவ்வளவு நேரம் ஆகும். ஒரு தொழிலாளி காசுக் கணக்கு போடுறதை இதைவிட வேகமா, இதைவிட சிரிப்பா யாரும் எடுத்ததில்ல.

நெஞ்சுவலி எபிசோடுலகூட ஆபரேஷனுக்கு முன்னாடி ஹோமர் பிள்ளைங்ககிட்ட பேசுற இடம் இருக்கு. என்ன சொல்றதுன்னு அவனுக்குத் தெரியல. அதனால பார்ட்கிட்ட என்ன சொல்லணும்னு லிசா காதுல சொல்லித் தர்றா, லிசாகிட்ட என்ன சொல்லணும்னு பார்ட் சொல்லித் தர்றான். ஆக அந்த ரெண்டு செகண்ட் முழுசா போயிடலன்னு வேணா மாத்திக்கலாம். முன்ன அது எல்லா எபிசோடுலயும் தானா இருந்துச்சு. இப்ப எழுதறவங்க யோசிச்சு, இடம் பார்த்து வைக்க வேண்டியதா போச்சு.

பார்ட்டைக் கொல்லத் துரத்துற வில்லன் சைட்ஷோ பாப், சருகு வார்ற ரேக்கு மேல மிதிச்சு முகத்துல அடி வாங்குற காட்சியும் இதுல சேர்த்திதான். எபிசோட் நீளம் பத்தல, அதனால ரேக் அடி வாங்குறதை ஒன்பது தடவை நீட்டினாங்க. முதல் ரெண்டுக்கு சிரிப்போம், நாலஞ்சுக்கு சலிப்பு தட்டும், ஏழாவதுல அடக்க முடியாம மறுபடி சிரிப்போம். காத்திருக்கிறதை அவங்க மறக்கல. வலிக்குப் பதிலா சிரிப்புக்கு அதைப் பயன்படுத்தக் கத்துக்கிட்டாங்க.

ஜூன் 13

லிசாவைப் பத்தி யாருமே பேசல, ஆச்சரியமா இருக்கு. அவதான் எல்லாரையும்விட அதிகமா மாறினவ.

உல்மன் ஷோல அவ பெண் பார்ட், அவ்வளவுதான், தனி குணம் எதுவும் இல்ல. 1990 பிப்ரவரில லிசா சோகமா இருக்கிற எபிசோட் வருது. காரணம் கேட்டா அவளுக்குச் சொல்லத் தெரியல. அம்மா முதல்ல, நாலு பேர் முன்னாடி சிரிச்ச முகமா இருன்னு தன் அம்மா சொன்னதையே சொல்லி ஸ்கூல்ல இறக்கி விடுறா. லிசா அப்படியே சிரிக்கிறா, உடனே பசங்க அவளை ஏய்ச்சு வேலை வாங்க ஆரம்பிக்கிறாங்க. காருக்குள்ள இருந்து அதைப் பார்த்த மார்ஜ் வண்டியைத் திருப்பி வந்து அவளை உள்ள இழுத்துப் போட்டுட்டு, நான் சொன்னதை விடு, சோகமா இருக்கணும்னா சோகமா இரு, நாங்க கூட இருக்கோம்னு சொல்றா. என் பொண்ணோட உட்கார்ந்து இதைப் பார்த்தேன். அவ ரொம்ப நேரம் எதுவும் பேசல, அப்புறம் இது கார்ட்டூனான்னு கேட்டா.

சீசன் 2ல மாற்று வாத்தியாரா பெர்க்ஸ்ட்ரம் சார் வர்ற எபிசோட் இதுக்கும் மேல. ஹாலிவுட் நடிகர் டஸ்டின் ஹாப்மன் வேற பேர்ல வந்து குரல் குடுத்தது. ரயில் கிளம்புறப்போ அவர் ஒரு சீட்டைக் கையில குடுக்கிறாரு, நீ தனியா உணர்றப்போ இதைப் பாருன்னு. பிரிச்சா உள்ள "நீ லிசா சிம்ப்சன்" அவ்ளோதான். ரயில் போயிடுது. யாரும் ஜோக் அடிக்கல. வீட்டுக்கு வந்து அப்பாவைக் குரங்குன்னு திட்டுறா, ஹோமர் அவ ரூமுக்குப் போய் சமாதானப்படுத்துறான், அவனுக்கு அவ சோகம் புரியவே இல்ல, புரியாமலே அவளைச் சிரிக்க வச்சிடுறான்.

அதே வருஷம் ஹோமர் விஷமுள்ள ஜப்பான் மீன் சாப்பிட்டு இன்னும் 22 மணி நேரம்தான் உயிரோட இருப்பேன்னு நினைக்கிற எபிசோடும். காலைல நாற்காலில உட்கார்ந்தபடியே கிடக்கிறவனை மார்ஜ் தொட்டுப் பார்க்கிறா, வாயில வடியிற எச்சில் சூடா இருக்கு. உயிரோட இருக்கான்! செத்துட்டானோன்னு நம்மளையும் பயமுறுத்திட்டு எச்சிலை வச்சு மீட்டுக் குடுக்கிறாங்க. எனக்கு அந்த இடம் மொத்த ஷோலயும் தனி.

ஜூன் 15

ப்ளாண்டர்ஸ் பத்தி, சுருக்கமா. ஆரம்பத்துல அவர் மதவெறி பிடிச்ச ஆள் கிடையாது. சர்ச்சுக்குப் போவாரு, அவ்வளவுதான். அவர் குத்தம் ஒண்ணே ஒண்ணு, நல்ல மனுஷனா இருந்துட்டே ஹோமரைவிட வசதியா இருக்கிறது. பெரிய வண்டி அவர்கிட்ட, நல்ல பீர் அவர்கிட்ட, சொன்ன பேச்சு கேக்கிற பையன் அவர்கிட்ட. பக்கத்து வீட்டுக்காரன் நம்மளைவிட ஒரு படி மேல இருந்தா வர்ற எரிச்சல் இருக்கே, அதுக்காகப் படைச்ச ஆள். 1990 நவம்பர்ல வந்த மினி கோல்ப் எபிசோடைப் பாருங்க, ஹோமர் கிளப்பிவிட்ட பந்தயத்துல கடைசில ரெண்டு அப்பாவும் பொண்டாட்டி கவுனைப் போட்டுட்டு புல்வெட்டுறாங்க. காசு மேல இருந்த கவனம் குறைஞ்சதும் அந்த எரிச்சலுக்கு வேலை இல்லாம போச்சு, மதம் மட்டும் மிச்சமாச்சு. ஒரு குணத்தை மட்டும் ஊதிப் பெருசாக்கி ஆளையே அதுக்குள்ள அடைக்கிறதுக்கு ரசிகர்கள் இவர் பேரையே வச்சிட்டாங்க.

ஜூன் 18

"அப்ப 4க்கு அப்புறம் இதயமே இல்லன்றீங்களா?"

இல்ல. 1995ல ரெண்டு எபிசோட், ரெண்டையும் பார்த்துட்டு வாங்க.

ஜனவரில வந்தது மேகி பொறந்த கதை. அப்ப ஷோ டேவிட் மிர்கின் கையில, பைத்தியக்காரத்தனம் உச்சத்துல இருந்த காலம், ஹோமர் விண்வெளிக்கே போயிட்டு வந்தாச்சு. ஹோமர் கடனெல்லாம் அடைச்சு அணு உலை வேலையை விட்டுட்டு ஆசைப்பட்ட பௌலிங் கடை வேலைக்குப் போறான். அப்ப மூணாவது குழந்தைன்னு தெரியுது. அந்தச் சம்பளம் பத்தாது. திரும்ப பர்ன்ஸ்கிட்ட கெஞ்சிப் போறான். நீ இங்க என்னைக்கும் இருக்கப் போறேன்னு மறந்துடாதேன்னு அவன் மேஜை முன்னாடி ஒரு பலகை மாட்டுறாரு. மேகி போட்டோ ஒண்ணுகூட வீட்டு ஆல்பத்துல ஏன் இல்லன்னு பிள்ளைங்க கேட்ட கேள்விக்குப் பதில் அங்கதான். போட்டோ எல்லாம் அந்தப் பலகைல, எழுத்தை அங்கங்க மறைச்சு ஒட்டியிருக்கான், மிச்சம் தெரியிற எழுத்தைச் சேர்த்துப் படிச்சா அவளுக்காகச் செய்னு வரும். மறுபடியும் காசு, மறுபடியும் சம்பளம், வெட்கப்பட்டு திரும்பிப் போற அப்பா. சீசன் 1 ஹோமர்தான் இது.

இன்னொண்ணு நவம்பர்ல, ஓக்லியும் வைன்ஸ்டைனும் பொறுப்புல இருந்தப்போ. செத்துட்டான்னு நினைச்ச அம்மா உயிரோட வந்துட்டு மறுபடி ஓடிப் போக வேண்டியதாகுது. வேன் போனதும் ஹோமர் கார் மேல ஏறி உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறான், பேர் ஓடி முடியிற வரைக்கும் அதே படம். ஆரம்ப வருஷத்துல இப்படி ஒரு முடிவு வச்சிருந்தா இவ்வளவு நேரம் நம்மளை உட்கார வச்சிருக்க முடியுமான்னு தெரியல. நடுவுல அவ்வளவு சத்தம் கேட்டுப் பழகினதாலதான் அந்த அமைதி அவ்வளவு கனமா இறங்குது. இப்படிச் சொல்றப்போ என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காணுது, பரவாயில்ல, அந்த வேகம் வராம இருந்திருந்தா இந்த முடிவும் கிடைச்சிருக்காதுன்னு ஒத்துக்கத்தான் வேணும்.

ஜூன் 21

கேள்வி கேட்டவர் இன்னும் இருந்தா: 1ல மொத்தமே 13 எபிசோட்தான், கஷ்டமில்ல. கிறிஸ்துமஸ், பிக்னிக், லிசா சோகம், மார்ஜுக்கு பௌலிங் சொல்லித்தர ஒரு பிரெஞ்சுக்காரன் வருவானே அது, இந்த நாலை முதல்ல பாருங்க. அப்புறம் சீசன் 2ஐ வரிசையா, ஒண்ணுகூட விடாம. அதை முடிச்சிட்டு 3க்குப் போங்க.

ஹோமரோட சிநேகிதன் பார்னி முடி ஏன் மஞ்சளா இருக்குன்னு கேட்டவருக்கு: சீசன் 1ல அப்படித்தான். தோல் நிறமும் முடி நிறமும் ஒண்ணா இருக்கிறது சிம்ப்சன் வீட்டுக்கு மட்டும் இருக்கட்டும்னு அப்புறம் முடிவு பண்ணி பார்னிக்கு பழுப்பு ஆக்கினாங்க. பர்ன்ஸோட உதவியாளர் ஸ்மிதர்ஸ் முதல்ல வர்றப்போ தோல் கருப்பா இருக்கிறதுக்கு அப்படி யோசனை எதுவும் இல்ல, கலர் பண்றப்போ நடந்த தப்பு. திரும்ப வரையக் காசில்லன்னு அப்படியே விட்டுட்டாங்க.